சருகைக் கொளுத்தாதீர்கள், அதைத் தின்ன மண்ணில் ஆள் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. உங்கள் பத்திரிகையை வாசிப்பதோடு சரி, இதுவரை ஒரு வரிகூட எழுதி அனுப்பியதில்லை. போன மாதம் எங்கள் பாடசாலையில் நடந்த சிரமதானம்தான் என்னை எழுத வைத்தது. பிள்ளைகள் காலையிலேயே வந்து கிரவில்லா இலை, வெட்டிய புல், பழைய அப்பியாசக் கொப்பிகள், போன வருடத்து விடைத்தாள் கட்டுகள் எல்லாவற்றையும் மைதான மூலையில் ஒரு ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள், அப்புறம் பெரியவர்கள் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். எல்லாம் ஈரச் சருகு. ஒழுங்காக எரியவும் இல்லை, அணையவும் இல்லை, பின்னேரம் வரைக்கும் புகை வகுப்பறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பில் இழுப்பு உள்ள ஒரு பிள்ளையை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஏன் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பின்னே இவ்வளவு குப்பையையும் என்ன செய்றது டீச்சர்?" என்றார் ஒரு தகப்பன். அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். நின்ற இடத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கடிதம்தான் அவருக்கு என் பதில், மலையகத்தில் மிலாறையும் (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி) சருகையும் கடதாசியையும் கொளுத்துகிற எல்லோருக்கும் சேர்த்து.

அந்தக் குவியலில் இருந்ததில் பெரும்பங்கு ஒரே பொருள்தான், செலுலோசு. இலையில் இருப்பதும் அதுதான், புல்லில் இருப்பதும் அதுதான், கொப்பிக் கடதாசி என்பது ஏறத்தாழ அது மட்டும்தான். நம் உடம்பில் ஓடுகிற அதே குளுக்கோசு ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி ஒட்டிக் கயிறு திரித்த மாதிரி இறுகிவிடுவதால் நம் குடலால் அவிழ்க்க முடியாது. மாட்டாலும் தானாக முடியாது, அதன் வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணங்கிகள்தான் மாட்டுக்காக அந்த வேலையைச் செய்கின்றன. மண்ணிலும் அப்படிச் சில கூட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன், அதன் பெயர் சைட்டோபேகா.

இது மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாச் சாதி. கிரேக்க மொழியில் கலத்தைத் தின்பது என்று பொருள் வரும் பெயர். இதைக் கண்டுபிடித்த கதையில் நமக்கு வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ரொதம்ஸ்டட் என்று பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஹட்சின்சன், க்ளேட்டன் என்ற இருவர் வயல் மண்ணில் செலுலோசைத் தின்பது எது என்று தேடிப்போய் ஒரு மெல்லிய, வளைந்து நெளிகிற பற்றீரியாவைப் பிடித்தார்கள். 1919ஆம் ஆண்டு அதைப் பற்றி எழுதினார்கள். அது நெளிந்த விதத்தைப் பார்த்து ஸ்பைரோகீட் என்ற சுருள் பற்றீரியாக்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1929இல், பிரான்சில் வேலை செய்துகொண்டிருந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி, இது அந்தக் கூட்டம் இல்லை, தனிச் சாதி என்று சொல்லி சைட்டோபேகா என்று பெயர் வைத்தார், முதலில் கண்டவரின் பெயரை விடாமல் இனத்துக்கு ஹட்சின்சனீ என்று சூட்டினார். வினோகிராட்ஸ்கிக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. மண் நுண்ணங்கியியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், அந்த வயதிலும் வடிதாளையும் மண்ணையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை என் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

இந்தப் பற்றீரியா எப்படி நகர்கிறது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பற்றீரியா நகர்வதென்றால் வால் போல ஒரு சவுக்குமுளை சுழன்று நீந்தும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கும். இதற்கு அந்த வால் கிடையாது. நீந்தவே தெரியாது. ஆனால் ஒரு பரப்பின் மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டே போகும், கண்ணாடியில் மழைத்துளி இறங்குவது போல. இதன் உறவுப் பற்றீரியா ஒன்றில் இதற்கான காரணத்தைக் கண்டிருக்கிறார்கள். கலத்தின் வெளிப்புறத்தில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்கள் ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவை பரப்பைப் பிடித்துக்கொள்ளும்போது கலம் முன்னால் போகிறது. புல்டோசரின் சங்கிலிச் சக்கரத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

இப்படி வழுக்கிப் போய் அது தேடுவது ஒரு செலுலோசு நாரை. கிடைத்ததும் அந்த நாரின் நீளவாக்கிலேயே ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில், கொழுந்துக்கூடையில் பிரம்பை நெருக்கிப் பின்னியது போல வரிசையாக. தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. பங்கசுகள், அதாவது பூஞ்சணங்கள், உணவைக் கரைக்கும் நொதியத்தை வெளியே கொட்டி, கரைந்து வருவதை உறிஞ்சும். அந்தக் கரைசலில் பக்கத்தில் இருக்கிறவர்களும் பங்கு போட்டுக்கொள்ளலாம். சைட்டோபேகா அப்படி இல்லை, நொதியங்கள் அதன் மேற்பரப்போடு ஒட்டியே இருக்கின்றன, நாரோடு உடம்பை அழுத்திக்கொண்டு நேராகத் தின்கிறது. 2007இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். 44 இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். செலுலோசைத் தின்னும் மற்ற நுண்ணங்கிகளில் சங்கிலியை நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாகக் கடித்துக்கொண்டு போகும் ஒரு முக்கியமான நொதியம் வழக்கமாக இருக்கும், இதில் அந்த வகையைக் காணோம். அப்படியிருந்தும் வடிதாளை முழுசாகத் தின்று முடிக்கிறது.

சரி, இது இங்கிலாந்து மண்ணின் கதைதானே, நமக்கு என்ன என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பரிசோதனை வைத்தேன். பெரிய செலவு ஒன்றும் இல்லை. மூன்று தட்டுகளில் மூன்று வகை மண். ஒன்று தேயிலை மலையிலிருந்து, ஒன்று லீக்ஸ் பாத்தியிலிருந்து, மூன்றாவது ஒரு பிள்ளையின் வீட்டு மாட்டுக்காலைக்குப் பின்னால் இருந்த பழைய எருக்குவியலின் அடியிலிருந்து. மண்ணைச் சேறாகக் குழைத்து மட்டமாக்கி, துளியளவு பொற்றாசியம் நைத்திரேற்று கரைத்த தண்ணீரில் வடிதாளை நனைத்து மேலே ஒட்டி, காற்றுப் போகிற மாதிரி மூடி அலுமாரியில் வைத்தோம். நுவரெலியாப் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும், வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். இந்தப் பற்றீரியாவுக்குப் பிடித்தது 30 பாகைக்குக் கிட்ட. அதனால் முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. பதினோராம் நாள் லீக்ஸ் மண் தட்டில் மஞ்சளாக, எண்ணெய் பூசியது போல மினுங்குகிற சின்னச் சின்னப் புள்ளிகள். மூன்றாவது வாரம் முடிவதற்குள் அந்த இடங்களில் கடதாசி கண்ணாடி போல ஊடே தெரிந்தது. குண்டூசியால் தொட்டால் கிழிபடாமல் கோழை மாதிரி இழுபட்டது. எருக்குவியல் மண்ணிலும் அதேதான், கொஞ்சம் முந்தியே. தேயிலை மண்ணில் மட்டும் மஞ்சள் வரவே இல்லை, பச்சையும் கறுப்புமாகப் பங்கசு பூத்துக் கிடந்தது.

மஞ்சளாக இருப்பதெல்லாம் சைட்டோபேகா ஆகிவிடாது, மண்ணில் மஞ்சள் நிறப் பற்றீரியாக்கள் வேறும் உண்டு. ஆனால் அந்தக் கோழையில் துளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, மிச்சம் இருந்த நார்களோடு சேர்ந்து மெல்லிய கோல்கள் ஒரே திசையில் அடுக்காகப் படுத்திருப்பதைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் அவ்வளவு மெல்லிசு, ஐம்பதைப் பக்கம் பக்கமாக வைத்தாலும் ஒரு தலைமயிரின் தடிப்புக்கு வராது. வரிசையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்த ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், இதுவும் கிருமிதானே, இது ஏன் நமக்கு நோய் தரல?" என்று கேட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. அந்தப் பிள்ளை பத்து வருடம் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள், கிருமி என்றால் நோய் என்பது மட்டும்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு. உக்க வைப்பவை பிரிகையாக்கிகள் என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள்தான் நானும்.

தேயிலை மண்ணில் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், புளிப்பை அளக்கிற பிஎச் அளவில் 4.5க்கும் 5.5க்கும் இடையில் (7 என்றால் நடுநிலை). சைட்டோபேகாவுக்கு நடுநிலை மண்தான் ஒத்துவரும். லீக்ஸ் பாத்திக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தார்கள், எருக்குவியலில் அடுப்புச் சாம்பலைக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள், அதனால் இரண்டு இடத்திலும் புளிப்பு முறிந்திருந்தது. ஆகவே கவ்வாத்து வெட்டிய மலையில் விழுகிற இலையையும் நுனிக்குச்சியையும் உக்க வைப்பது பெரும்பாலும் பங்கசுகளின் வேலை, கூட்டெருக் குவியலில்தான் சைட்டோபேகா போன்றவைக்கு இடம். இதைக் கேட்டுவிட்டு யாரும் தேயிலை மலையில் சாம்பலைக் கொட்ட வேண்டாம், செடிக்குத்தான் கேடு. சாம்பலைக் குவியலில் போடுங்கள், அதுவும் மெல்லிசாகத் தூவுங்கள்.

இப்போது 2021க்கு வருகிறேன். அந்த வருடம் ஏப்ரலில் இரசாயனப் பசளை இனி வராது என்று அறிவித்தார்கள், மே மாதம் வர்த்தமானியும் வந்தது, நவம்பரில் திரும்ப எடுத்துவிட்டார்கள். அந்த ஏழு மாதத்தில் மலையகத்தில் மரக்கறி செய்தவர்கள் பட்ட பாடு உங்கள் பத்திரிகையில் வந்ததுதான். என் அப்பா தோட்டத்தில் பேர் வெட்டி ஓய்வு எடுத்த பிறகு லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கரில் லீக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். உரம் இல்லை என்றதும் யாரோ சொன்னதைக் கேட்டு மானாப் புல்லையும் மரத்தூளையும் பச்சையாகவே பாத்தியில் புதைத்தார். ஒரு வியாபாரி நுண்ணங்கித் திரவம் என்று ஒரு கான் கொண்டுவந்து, இதை ஊற்றினால் ஒரே வாரத்தில் எல்லாம் உரமாகிவிடும் என்று சொல்லி அப்பாவின் கையிலிருந்த காசையும் வாங்கிக்கொண்டு போனார். லீக்ஸ் மஞ்சளித்துப் போய் நுனி கருகியது. அப்பா அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போது நடந்தது என்ன என்று எனக்குப் பிற்பாடுதான் ஒழுங்காக விளங்கியது. புல்லிலும் மரத்தூளிலும் காபன் ஏராளம், நைதரசன் மிகக் கொஞ்சம். ஆனால் அதைத் தின்கிற நுண்ணங்கியின் உடம்பைக் கட்டுவதற்கு நைதரசன் வேண்டும். சாப்பாட்டில் இல்லாவிட்டால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதாவது நாம் உக்காத புல்லைப் புதைத்ததால் கோடிக்கணக்கில் பெருகிய நுண்ணங்கிகள், லீக்ஸுக்குப் போக வேண்டிய கொஞ்ச நஞ்ச நைதரசனையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. அவை செத்து உக்கிய பிறகு அந்த நைதரசன் திரும்பி வரும், வருவதற்கு மாதக்கணக்காகும், அதுவரை பயிர் தாங்காது. மண்ணில் நுண்ணங்கிக்குப் பஞ்சமே இருக்கவில்லை. பஞ்சம் நைதரசனுக்கு. கானில் வாங்கி ஊற்றியது எதுவாக இருந்தாலும் அது அந்தப் பஞ்சத்தைத் தீர்த்திருக்காது.

ரொதம்ஸ்டட் கதையில் நமக்கு வேண்டிய விசயம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். சைட்டோபேகாவைப் பிடித்த அதே ஹட்சின்சன், ரிச்சர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1921இல் வைக்கோலை எருவாக்கும் முறையைக் கொடுத்தார். வெறும் வைக்கோலை நனைத்து வைத்தால் சரியாக உக்கவில்லை, அதோடு அளவாக நைதரசன் உப்பும் சுண்ணாம்பும் காற்றும் கிடைத்தால் மாட்டெரு போலவே கறுத்துக் குழைந்த எரு வருகிறது என்று காட்டினார். ஒரு பற்றீரியா என்ன தின்கிறது, அதற்கு வேறு என்ன வேண்டும் என்று பொறுமையாகப் பார்த்ததால் வந்த விடை அது. நூறு வருடத்துக்கு முந்திய இந்த விசயம் 2021இல் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தால், அப்பா மானாப் புல்லைப் பாத்தியில் புதைக்காமல் வெளியே குவித்திருப்பார்.

இப்போது எங்கள் வீட்டில் குவிக்கிறோம். சருகு, புல், கிழித்து நனைத்த கடதாசி ஒரு அடுக்கு, மேலே பச்சைச் சாணம் ஒரு அடுக்கு, சாம்பல் ஒரு கைப்பிடி, அப்படியே இடுப்பு உயரம் வரைக்கும். காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்வார்கள், வெறும் கடதாசியில் அது நூற்றுக்கணக்கான பங்குக்கு ஒன்று, சாணத்தில் 20க்கு ஒன்று அளவில் இருக்கும். அதனால் கடதாசி கூடினால் சாணமும் கூட வேண்டும். எல்லோரும் தவறு விடுவது காற்றில். சைட்டோபேகாவுக்கு ஒட்சிசன் இல்லாமல் முடியாது. நம் ஊர் மழைக்குக் குவியல் தொப்பமாக நனைந்துவிட்டாலோ, கறுப்புப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டினாலோ உள்ளே காற்றில்லாமல் வேறு கூட்டம் புகுந்து நாற்றம் எடுக்கும். மேலே ஒரு பழைய தகரம், பக்கங்கள் திறந்தபடி, இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை முள்ளால் குத்திப் புரட்டல், இவ்வளவுதான். குளிரில் நாலைந்து மாதம் எடுக்கிறது, அது உண்மை. கீழே கண்டிப் பக்கம் இன்னும் சீக்கிரம் ஆகும்.

இரசாயன உரத்துக்கு இது ஈடாகும் என்று நான் சொல்ல வரவில்லை. தேயிலை எவ்வளவு கொழுந்து தருகிறதோ அவ்வளவு நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது, அதைக் கூட்டெருவால் மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. 2021இல் 30 கோடி கிலோ அளவில் இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. எரிபொருள் நெருக்கடியும் அதில் சேர்ந்ததுதான், ஆனாலும் உரம் இல்லாததன் பங்கை யாரும் மறுக்க முடியாது. நான் சொல்வது, கையில் இருப்பதையாவது புகையாக விடாதீர்கள் என்று. சருகைக் கொளுத்தும்போது அதிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. மிஞ்சுகிற சாம்பலில் பொற்றாசியம் இருக்கிறது, பொசுபரசு இருக்கிறது, அடுத்த மழைக்கு அதுவும் வடிகானில் இறங்கி ஆற்றுக்குப் போகிறது.

தோட்டத் துரைமாருக்கும் ஒன்று கேட்கிறேன். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டும்போது தடித்த மிலாறை லயத்துப் பெண்கள் விறகுக்குக் கட்டிச் சுமந்து போவார்கள், அது அவர்களுடைய அடுப்பு, அதில் கைவைக்கச் சொல்லவே மாட்டேன், என் அம்மாவும் தலையில் சுமந்து வந்தவர்தான். மிச்சம் இருக்கிற இலையையும் நுனியையும் மலையிலேயே பரப்பி விடுங்கள். வெட்டி முடித்த மலை மொட்டையாக மழைக்குக் கிடக்கிற காலத்தில் அது மண்ணுக்கு மேல் போர்வையாகவும் இருக்கும். சில தோட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், எங்கள் பக்கத்தில் இன்னும் சில இடங்களில் பாதை ஓரம் இழுத்துப் போட்டு நெருப்பு வைக்கிறார்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு பாடசாலையிலும் விடைத்தாள் கட்டுகள் வெளியே வரும், சிரமதானமும் வரும், மண்ணெண்ணெய்ப் போத்தலும் வரும். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் போட முடியுமென்றால் போடுங்கள். எங்கள் பாடசாலையில் இந்த முறை சமையலறைக்குப் பின்னால் தகரம் போட்டு இடம் ஒதுக்கியாகிவிட்டது. அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தகப்பன்தான் இரண்டு சாக்கு சாணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு விஞ்ஞான ஆசிரியை,
நானுஓயா.